பி செல் லிம்போமா: எந்தச் சமிக்ஞையை நம்பிப் பிழைக்கிறது?

பி செல் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் ஏற்பியைத் தாங்கியிருக்கிறது. கிருமியின் துணுக்கு அதில் வந்து பொருந்தினால் செய்தி உள்ளே போகும்; செல் பெருகும், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லாக முதிரும். எதுவும் பொருந்தாத நேரத்திலும் அந்த ஏற்பியிலிருந்து மெல்லிய சமிக்ஞை ஒன்று ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அது நின்றால் பி செல் பிழைக்காது. கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டி, வலியில்லாமல் வளர்ந்து, பயாப்ஸியில் பி செல் லிம்போமா என்று பெயர் பெறும் நோய்களில் பலவும் இந்தச் சமிக்ஞையைத் தம் வசமாக்கிக்கொண்டவை.

சமிக்ஞை கைமாறிக் கைமாறிச் செல்கிறது. ஏற்பியோடு ஒட்டியிருக்கும் சிடி79 என்ற இணைப்புரதத்தில் முதல் மாற்றம் நிகழும். அங்கிருந்து சிக் என்ற நொதி, அடுத்து பிடிகே, அடுத்து பிஎல்சி-காமா-2, அதன்பின் கார்டு11 என்று கண்ணி கண்ணியாகச் செய்தி இறங்கும். கடைசியில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, சாகாமலிருக்கவும் பெருகவும் வேண்டிய மரபணுக்களை இயக்கிவிடும். பக்கத்தில் பிஐ3கே என்ற கிளைப்பாதை ஓடுகிறது. மைடி88 என்ற புரதத்தின் வழியே வரும் வேறொரு பாதையும் அதே என்எஃப்-கப்பா-பியில் வந்து சேர்கிறது. இதில் எந்தக் கண்ணியை அறுத்தால் நோய் அடங்கும், உடம்பு தாங்கும் என்ற கேள்வியில்தான் லிம்போமா மருத்துவம் கால் நூற்றாண்டாக உழைத்து வருகிறது.

பிடிகே என்ற பெயரின் முதல் எழுத்து ஒரு குழந்தை மருத்துவருடையது. 1952இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கவனித்து வந்தார். நிமோனியாக் கிருமி அவன் ரத்தத்தில் திரும்பத் திரும்பப் பரவியது. ரத்தச் சீரத்தைப் பிரித்துப் பார்த்தபோது காமாகுளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. காமாகுளோபுலினை ஊசியாகக் கொடுத்ததும் தொற்றுகள் நின்றன. அந்தப் பிறவிக் குறைக்குக் காரணமான மரபணு 1993இல்தான் பிடிபட்டது. அது எழுதும் நொதிக்குப் புரூட்டன் டைரோசின் கைனேஸ், சுருக்கமாக பிடிகே, என்று பெயர் வைத்தார்கள். இந்த நொதி இல்லாமல் பிறந்த ஆண் குழந்தைகளுக்குப் பி செல்கள் ஏறக்குறைய இல்லை. மற்றபடி உடல் உறுப்புகள் பெரிதும் சரியாகவே இருந்தன. பிடிகேயை மறித்தால் பி செல்தான் முதலில் அடிபடும், மற்ற செல்கள் பெரும்பாலும் தப்பும் என்பதை இயற்கையே செய்து காட்டியிருந்தது. ஆனால் இதை லிம்போமாவோடு சேர்த்துப் படிக்க அப்போது யாரும் இல்லை.

அந்த 1993இல் லிம்போமா வார்டுகளில் நடந்துகொண்டிருந்தது வேறு. வேகமாக வளரும் பெரிய செல் லிம்போமாவுக்கு 1970களிலிருந்து சாப் என்ற நான்கு மருந்துக் கூட்டு வழக்கத்தில் இருந்தது: சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன். மருந்துகளைக் கூட்டினால் குணமாகிறவர்களும் கூடுவார்கள் என்று நம்பி ஆறு, எட்டு மருந்துகள் கொண்ட கூட்டுகள் உருவாக்கப்பட்டன. தனித்தனி மருத்துவமனைகளின் ஆய்வுகளில் அவை மேலானவையாகவே தெரிந்தன. அமெரிக்காவில் 899 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல நான்கு குழுக்களாகப் பிரித்து, சாப்பையும் அத்தகைய மூன்று புதிய கூட்டுகளையும் ஒப்பிட்ட முடிவு அந்த ஆண்டு வெளியானது. மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நான்கு குழுவிலும் ஒரே அளவு. கீமோவை இன்னும் கடுமையாக்கி இந்தச் சுவரை உடைக்க முடியாது என்பது அத்துடன் தெளிவானது.

சுவரில் முதல் விரிசல் விழுந்தது 1997இல். பி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி20ஐப் பற்றிக்கொள்ளும் ரிட்டுக்சிமாப் அந்த நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரான்சின் ஆய்வுக் குழு 60 முதல் 80 வயதுவரை உள்ள 399 பேரிடம், அதைச் சேர்த்த சாப்பையும் வெறும் சாப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நோய் முழுவதும் மறைந்தவர்கள் 63 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காடாக உயர்ந்தார்கள். 2002இல் அந்த முடிவு வெளியானபின் ஆர்-சாப் உலகெங்கும் நிலைபெற்றது. ஹைதராபாத்தில் தயாரான ரிட்டுக்சிமாப் 2007இல் விற்பனைக்கு வந்ததும், விலையைக் கேட்டே பின்வாங்கிய இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது எட்டும் மருந்தானது. பெரிய செல் லிம்போமா வந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் இந்தச் சிகிச்சையில் குணமானார்கள். மீதி நான்கு பேருக்கு ஏன் திரும்பி வந்தது என்பதற்கு நுண்ணோக்கியில் விடை இல்லை. இரு சாராரின் செல்களும் கண்ணுக்கு ஒரேபோல் இருந்தன.

விடையின் தொடக்கம் 2000இல் கிடைத்தது. ஆஷ் அலிசாதே, லூயி ஸ்டவுட், பாட்ரிக் பிரவுன் உள்ளிட்டோர் லிம்போமா செல்களில் இயங்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சில்லில் அளந்தார்கள். ஒரே நோய் என்று எண்ணியிருந்தது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, நிணநீர்க் கணுவின் கருமையத்தில் இருக்கும் பி செல்லை ஒத்தது. மற்றொன்று, தூண்டப்பட்டு முதிரத் தொடங்கிய பி செல்லை ஒத்தது. ரிட்டுக்சிமாப் வருவதற்கு முந்தைய சிகிச்சை பெற்ற அந்த நோயாளிகளில், முதல் வகையினரில் 76 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் வகையில் 16 விழுக்காட்டினரே இருந்தார்கள். அடுத்த ஆண்டே, தூண்டப்பட்ட வகையில் என்எஃப்-கப்பா-பி எந்நேரமும் இயங்கிக்கொண்டிருப்பதும், அதை அடக்கினால் செல்கள் மடிவதும் தெரியவந்தன.

ஆய்வகத்தில் கண்டதை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது எளிதாக இல்லை. சில்லுக்கு உறைநிலையில் காத்த திசு வேண்டும்; நோயியல் துறையின் அலமாரியில் இருப்பதோ ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த திசு. 2004இல் சிடி10, பிசிஎல்6, மம்1 என்ற மூன்று சாயங்களால் இரண்டு வகையையும் பிரிக்கும் முறை வந்தது. மாவட்ட மருத்துவமனையின் மெழுகுக் கட்டையிலும் அதைச் செய்ய முடியும். ஆனால் சாயம் சொல்வதும் சில்லு சொல்வதும் பல நோயாளிகளில் ஒத்துப்போகவில்லை. பின்னாளில் பெரிய ஆய்வுகள் தடுமாறியதில் இந்தப் பிழைக்கும் பங்கு உண்டு.

என்எஃப்-கப்பா-பி ஏன் ஓயாமல் இயங்குகிறது என்பதற்குத் தடயங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 2008இல் கார்டு11இல் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. ஸ்டவுட்டின் குழு மரபணுக்களை ஒவ்வொன்றாக ஊமையாக்கி, எதை நிறுத்தினால் செல் சாகிறது என்று தேடியது. தூண்டப்பட்ட வகைச் செல்கள் பல பிடிகேயை நிறுத்தியதும் செத்தன. 2010இல் வெளியான அந்த ஆய்வு, ஏற்பியே உள்ளுக்குள் ஓயாமல் சமிக்ஞை தருகிறது என்றும், கட்டிகளில் ஐந்தில் ஒன்றில் சிடி79பி மாறியிருக்கிறது என்றும் காட்டியது. 2011இல் மைடி88 மாற்றமும், அடுத்த ஆண்டு அதே மாற்றம் வால்டன்ஸ்ட்ரோம் என்ற மற்றொரு பி செல் லிம்போமா நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இருப்பதும் அறியப்பட்டன. இந்தத் தேடலின் முறையே ஒரு பாடம். ஒரு புரதம் செல்லில் மிகுந்திருப்பதைக் காண்பது ஒன்று. அது இல்லாவிட்டால் செல் சாகும் என்று காண்பது வேறு. மருந்துக்கு வேண்டியது இரண்டாவது.

பாதையை மறிக்க நோயாளிகளுக்குக் கொடுத்த தொடக்ககால மாத்திரைகளில் ஒன்று சிக்கைத் தடுக்கும் ஃபோஸ்டமாடினிப். 2010இல் வெளியான முடிவுகளில் நாட்பட்ட நிணசெல் லுகேமியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், பெரிய செல் லிம்போமாவில் ஐந்தில் ஒருவருக்கும் கட்டி சுருங்கியது. அது லிம்போமா மருந்தாக நிலைக்கவில்லை. 2018இல் தட்டணு குறையும் வேறொரு நோய்க்குத்தான் அனுமதி பெற்றது. ஆனால் ஏற்பியின் பாதையை மறித்தால் மனித உடம்பிலும் லிம்போமா கரையும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இப்ரூடினிப் வந்த வழி இன்னும் எதிர்பாராதது. செலெரா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் மூட்டுவாதத்துக்காக பிடிகே தடுப்பான்களைத் தேடியபோது, ஆய்வகச் சோதனைக்கு உதவும் கருவியாக அதைச் செய்தார்கள். பிடிகேயின் 481ஆவது இடத்திலுள்ள சிஸ்டீனோடு அது நிலையான பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். ஒருமுறை பிணைந்தால் அந்த நொதி மூலக்கூறு தீர்ந்தது. செல் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும். அப்படி மீளாமல் பிணையும் மருந்துகளை அந்நாளில் நிறுவனங்கள் அஞ்சி ஒதுக்கின. 2006இல் ஃபார்மசைக்ளிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் அந்தத் திட்டத்தை வாங்கியது. இயல்பாகவே பி செல் லிம்போமா வந்த நாய்களிடம் கொடுத்துப் பார்த்ததில் கட்டிகள் சுருங்கின. அந்த முடிவும் 2010இல்தான் வெளியானது.

மனிதர்களுக்குக் கொடுத்தபோது மருத்துவர்கள் முதலில் கண்டது அவர்களைக் கலங்க வைத்தது. நாட்பட்ட நிணசெல் லுகேமியா நோயாளிகளுக்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. அன்றைய விதிப்படி நோய் முற்றிவிட்டது. மருந்தை நிறுத்த வேண்டும். ஆனால் கழுத்தைத் தொட்டால் நெறி கரைந்திருந்தது, மண்ணீரல் சுருங்கியிருந்தது, நோயாளி தெம்பாக இருந்தார். நோய்ச் செல்களை நிணநீர்க் கணுவில் பிடித்து வைத்திருந்த சமிக்ஞையும் பிடிகே வழியேதான் போகிறது என்பது பிறகு விளங்கியது. பிடி தளர்ந்ததும் செல்கள் ரத்தத்துக்குள் கொட்டுகின்றன. ஊட்டம் கிடைக்காமல் மாதக்கணக்கில் அங்கேயே மெல்லத் தேய்கின்றன. 2012இல் மதிப்பீட்டு விதியைத் திருத்தினார்கள். எண்ணை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தியிருந்தால் நல்ல மருந்து ஒன்று பாதியிலேயே போயிருக்கும். கீமோவுக்காக எழுதிய அளவுகோலைச் சமிக்ஞை மருந்துக்கு அப்படியே வைக்கக் கூடாது. கை வைத்துப் பார்ப்பதையும் விடக் கூடாது.

2013 நவம்பரில் மேண்டில் செல் லிம்போமாவுக்கு இப்ரூடினிப் அனுமதி பெற்றது. பல சிகிச்சை பார்த்துத் தோற்றிருந்த 111 பேரில் 68 விழுக்காட்டினருக்கு அது வேலை செய்திருந்தது. தினம் நான்கு மாத்திரை, வீட்டிலிருந்தபடியே. 2014 பிப்ரவரியில் நாட்பட்ட நிணசெல் லுகேமியாவுக்கும், 2015 ஜனவரியில் வால்டன்ஸ்ட்ரோம் நோய்க்கும் அனுமதி விரிந்தது. படுக்கையும் டிரிப்பும் முடி உதிர்வும் இல்லாமல் முதிய நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் நடமாடினார்கள். லிம்போமா மருத்துவத்தில் அது பெரிய மாற்றம்.

மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதற்கு வேறு விலை இருந்தது. சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது. தோலில் லேசாக இடித்தாலும் கன்றிப்போனது. துடிப்புக் கோளாறுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்க வேண்டும். இப்ரூடினிப்போ ஏற்கெனவே ரத்தக் கசிவைக் கூட்டுகிறது. பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ சில நாள் முன்பும் பின்பும் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லி வைப்பது வழக்கமானது. பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகளைச் சேர்த்தால் ரத்தத்தில் இதன் அளவு எகிறும். ஹெப்பாடிட்டிஸ் பி ஒருகாலத்தில் வந்து அடங்கியிருந்தால் மறுபடி தலைதூக்கும்; ரிட்டுக்சிமாப் கற்றுத்தந்த அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தியது. எனவே முதல் மாத்திரைக்கு முன் ஈசிஜியும், ஹெப்பாடிட்டிஸ் பரிசோதனையும், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் கட்டாயமாயின.

இந்தத் தொல்லைகளுக்குக் காரணம் பெரும்பாலும் பிடிகே இல்லை. இப்ரூடினிப் கூடவே தொட்டுவிடும் வேறு நொதிகள். அதனால் இலக்கு தவறாத தடுப்பான்கள் தேடப்பட்டன. 2017இல் அகாலப்ரூடினிப், 2019இல் ஜானுப்ரூடினிப் அனுமதி பெற்றன. அகாலப்ரூடினிப்பை நேருக்கு நேர் ஒப்பிட்டபோது நோயைக் கட்டுப்படுத்துவதில் அது இப்ரூடினிப்புக்குக் குறையவில்லை. துடிப்புக் கோளாறு 16 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக இறங்கியது. 652 பேரிடம் நடந்த மற்றோர் ஒப்பீட்டில் ஜானுப்ரூடினிப் நோயைத் தடுத்து நிறுத்துவதிலேயே முந்தியது.

இதற்கிடையே எதிர்ப்பும் முளைத்தது. 2014இல் வெளியான ஆய்வில், நன்றாயிருந்து மறுபடி நோய் கண்டவர்களின் செல்களைப் படித்தபோது 481ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் இருந்தது. மருந்து பிணைய வேண்டிய பிடிமானத்தையே செல் மாற்றியிருந்தது. வேறு சிலரிடம் அடுத்த கண்ணியான பிஎல்சி-காமா-2, மேலிருந்து உத்தரவு வராமலே இயங்கக் கற்றிருந்தது. இந்தக் கெட்ட செய்தியில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது: மருந்துக்குத் தப்பிய பிறகும் நோய் அதே பாதையைத்தான் நம்பியிருக்கிறது. அந்தச் சிஸ்டீனை நாடாமல் பிடிகேயில் பொருந்தும் பிர்டோப்ரூடினிப் 2023இல் வந்து, முந்தைய மாத்திரைகளுக்கு அடங்காத நோயாளிகள் பலருக்குக் கை கொடுத்தது.

பெரிய செல் லிம்போமாவில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. 80 நோயாளிகளிடம் இப்ரூடினிப்பைத் தனியாகக் கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. தூண்டப்பட்ட வகையில் 37 விழுக்காட்டினருக்குப் பலன். கருமைய வகையில் 5 விழுக்காடு மட்டுமே. சிடி79பி, மைடி88 இரண்டும் சேர்ந்து மாறியிருந்த ஐவரில் நால்வருக்குப் பலன் கிடைத்தது. இந்த நம்பிக்கையில் 838 பேரிடம் ஆர்-சாப்போடு இப்ரூடினிப்பைச் சேர்த்த ஃபீனிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 2019இல் வந்த முடிவு: மொத்தத்தில் பலன் இல்லை. வயதுவாரியாகப் பிரித்தபோது வேறொன்று தெரிந்தது. 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தெளிவாகப் பயன் பெற்றார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் பக்கவிளைவால் தளர்ந்தார்கள். அவர்களில் ஆறு சுற்றுக் கீமோவை முடித்தவர்கள் 89 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காடாகக் குறைந்தார்கள். குணப்படுத்தும் சிகிச்சையை முடிக்க விடாத மருந்து, எவ்வளவு கூர்மையானதானாலும், நோயாளிக்கு உதவாது.

அதே ஆய்வின் திசுக்களை மரபணு மாற்றங்களின்படி மறுபடி பிரித்தார்கள். 2018இலிருந்து பெரிய செல் லிம்போமா இரண்டு வகையாக மட்டும் அன்றி, எம்சிடி, என்1, பிஎன்2, இஇஜட்பி என்று மரபணு அடையாளத்தால் மேலும் பகுக்கப்பட்டிருந்தது. எம்சிடி, என்1 வகையைச் சேர்ந்த இளைய நோயாளிகளில், இப்ரூடினிப் சேர்த்துப் பெற்ற அனைவரும் மூன்றாண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, பின்னோக்கிப் பார்த்த கணக்கு. ஆனாலும் மருந்து தோற்கவில்லை, நோயாளியைத் தேர்ந்த முறை தோற்றது என்று சொல்ல அது இடம் கொடுத்தது. இத்தகைய ஆய்வுகளில் இன்னொரு குறையும் உண்டு. திசுவை மைய ஆய்வகத்துக்கு அனுப்பி வகை தெரியும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும். மூச்சு முட்டி வருகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை. அவருக்கு அன்றே கீமோ தொடங்கிவிடும். ஆக, மோசமான நோயாளிகள் ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

கிளைப்பாதையான பிஐ3கேயின் அனுபவம் மிகக் கசப்பானது. பிஐ3கேயின் டெல்டா வடிவத்தைத் தடுக்கும் இடெலாலிசிப் 2014 ஜூலையில் அனுமதி பெற்றது. மெதுவாக வளரும் லிம்போமாவில் 125 பேரில் 57 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. பல சிகிச்சை தோற்றவர்களிடம் நன்றாக இருந்த மருந்தை முதல் சிகிச்சையாகக் கொடுத்தபோது நிலைமை மாறியது. ஈரல் வீங்கியது, பெருங்குடல் புண்ணாகிக் கடும் வயிற்றுப்போக்கு வந்தது, நுரையீரல் அழன்றது, தொற்றுகளில் உயிரிழப்பு கூடியது. 2016 மார்ச்சில் அந்த ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. உடம்பு தன்னையே தாக்காமல் காவல் காக்கும் டி செல்களும் அதே பிஐ3கே-டெல்டாவை நம்பியிருக்கின்றன. கீமோ படாத, வலுவான நோயெதிர்ப்பு உள்ளவரிடம் அந்தக் காவல் தளர்ந்ததும் தாக்குதலும் வலுவாக வந்தது. 2022இல் அமெரிக்காவில் இடெலாலிசிப்பின் லிம்போமா அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. 2021இல் வந்த மற்றொரு பிஐ3கே தடுப்பானான உம்ப்ராலிசிப் அடுத்த ஆண்டே சந்தையை விட்டுப் போனது. கட்டி சுருங்கும் விழுக்காட்டை மட்டும் காட்டி விரைந்து அனுமதி பெறுவதும், நோயாளி நீண்ட நாள் வாழ்கிறாரா என்று பொறுத்திருந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த மருந்துக் குடும்பம் எல்லாருக்கும் உணர்த்தியது.

சமிக்ஞைப் பாதைகள் எல்லாம் கடைசியில் செல் சாவதா பிழைப்பதா என்ற இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே பிழைக்கும் பக்கம் நிற்பது பிசிஎல்2. 14ஆம் 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் அது மிகுவது 1980களில் கண்டறியப்பட்டது. அது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்பதை 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். அதைத் தடுக்கும் வெனடோகிளாக்ஸ் வந்தபோது மருத்துவர்கள் அஞ்சியது, அது வேலை செய்யாது என்பதற்காக அல்ல. தொடக்க ஆய்வுகளில் கிலோக்கணக்கில் கட்டி ஒரே நாளில் உடைந்து, பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் பெருகி, உயிரிழப்பும் நேர்ந்தது. அதன்பின் 20 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு ஒரு படியாக ஐந்து வாரத்தில் 400க்கு ஏற்றும் முறை வகுக்கப்பட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது, மாத்திரைக்குப் பின் சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது என்று நுணுக்கமாகக் கவனித்ததால் அதே மருந்து பாதுகாப்பாகக் கையில் அடங்கியது. ஓராண்டு அல்லது ஈராண்டு கொடுத்து நிறுத்தும் சிகிச்சையும் அதனால் சாத்தியமானது.

எதிர்பாராத முடிவு மற்றொன்றும் உண்டு. குரோமோசோம் மாற்றத்தால் பிசிஎல்2 நிரம்பியிருக்கும் ஃபாலிகுலர் லிம்போமாவில்தான் இந்த மருந்து வெகுவாகப் பலன் தர வேண்டும். முதற்கட்ட ஆய்வில் அங்கே 38 விழுக்காட்டினருக்கே பலன். அந்த மாற்றம் இல்லாத மேண்டில் செல் லிம்போமாவில் 75 விழுக்காடு. செல்லில் ஒன்று இருப்பதும், செல் அதை நம்பியிருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஒரு கண்ணியை அறுத்தால் செல் வேறு வழி தேடும் என்று தெரிந்தபின், பல கண்ணிகளை ஒரே நேரத்தில் அறுக்கும் முயற்சி வந்தது. வெனடோகிளாக்ஸ், இப்ரூடினிப், பிரெட்னிசோன், ஒபினுடுசுமாப், லெனாலிடோமைடு ஐந்தையும் குறுகிய சுற்றுகளாக, இடையே ஓய்வு விட்டுக் கொடுக்கும் முறையை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 50 பெரிய செல் லிம்போமா நோயாளிகளிடம் சோதித்தது. எல்லாரும் முந்தைய சிகிச்சைகள் பயனற்றுப் போனவர்கள். 2024இல் வெளியான முடிவில் 38 விழுக்காட்டினருக்கு நோய் முழுவதும் மறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தால் இந்த ஐந்தில் எதுவும் அந்த அளவை எட்டாது. ஓய்வு நாட்கள் விட்டதால் உடம்பின் நல்ல செல்கள் மீண்டன. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய தேவையும் இல்லை.

இன்று லிம்போமா திரும்பி வந்தவருக்கு மாத்திரை எழுதும் மருத்துவர், எழுதுவதற்கு முன் மூன்றைத் தெரிந்துகொள்ள முயல்கிறார். இந்த நோய் எந்தச் சமிக்ஞையை நம்பிப் பிழைக்கிறது. அதே சமிக்ஞையை இந்த உடம்பில் வேறு எந்தச் செல் நம்பியிருக்கிறது. இந்த வயதில், இந்த இதயத்தோடும் ஈரலோடும், சிகிச்சையை இவரால் முடிக்க முடியுமா. முதல் கேள்விக்கு விடை பழைய பயாப்ஸி அறிக்கையில் இருக்காது; நோய் இடையில் மாறியிருக்கக்கூடும். ஆகவே நெறி மறுபடி கட்டினால் மறுபடி திசு எடுத்துப் பார்ப்பதே சிகிச்சையின் முதல் படி.